தூரத்துக்கு ஒரு அலை, பக்கத்துக்கு ஒரு அலை

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது தில்லி ஹாம் பாரதி பிரசாத் போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசத்தான் குழுவாகப் போயிருந்தார்கள். தொலைபேசி செத்துப்போனது. அந்தப் பொழுதுபோக்கு நிலையமே அவசர நிலையமாகி, உயிரோடு இருப்பவர்கள் பற்றிய செய்திகளை மெயின்லேண்டுக்குக் கொண்டுபோனது. பிறகு கார் நிக்கோபாரிலும் ஒரு நிலையம் அமைந்தது.

இந்த இரண்டு தூரங்களைக் கவனியுங்கள். போர்ட் பிளேரிலிருந்து சென்னை சுமார் 1,370 கி.மீ. கார் நிக்கோபார் சுமார் 270 கி.மீ. பக்கத்துத் தீவுதானே சுலபம்னு தோணும். ஆனால் 14 மெகாஹெர்ட்ஸ் அலை அயனி மண்டலத்தில் சாய்வாகப் பட்டுத் தொலைவில்தான் இறங்கும். சென்னைக்குக் கேட்கும்; நடுவில் சில நூறு கி.மீ. பெரும்பாலும் மௌனம். 145 மெகாஹெர்ட்ஸோ அடிவானத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போகும்.

இந்த இடைவெளியை நிரப்புவது பகலில் 7, இரவில் அயனி அடர்த்தி குறையும்போது 3.5 மெகாஹெர்ட்ஸ். ஆன்டெனாவும் தாழ்வாக இருக்கணும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் நீள டைபோலை 5 மீட்டர் உயரத்தில் கட்டினால், அலை நேர் மேலே போய்ச் சுற்றுவட்டாரம் முழுக்க இறங்கும்.

பேரிடரில் டவர் சாயலாம். ரெண்டு தென்னை மரமும் கொஞ்சம் கம்பியும் எப்படியும் கிடைச்சிடும். அதனால பேண்டைத் தேர்ந்தெடுக்கும் முன்னால, யாரோட பேசணும், அவங்க எத்தனை கிலோமீட்டர்னு முதல்ல எழுதி வையுங்க.