ஊசியிலை மரத்துக்கு விஸ்வநத்தத்துல என்ன வேலை?

சிவகாசி காலண்டர்ல பனிமலையும் பைன் மரமும் பார்த்தே வளர்ந்த கூட்டம் நாம. இப்போ அந்தப் படம் சின்னத் தொட்டியில ஜூனிப்பர் போன்சாயா வீட்டுக்கே வருது. எங்க விஸ்வநத்தத்து வெயில்ல அது எத்தனை நாள் தாங்கும்?

அதிக நாள் தாங்காது. ஜூனிப்பருக்கு வெளிச்சம் வேணும், தண்ணி தேங்காத மண் வேணும். எல்லாத்தையும் விட, வருஷத்துல சில மாசம் குளிர்ல உறங்கணும். நமக்கோ மார்கழியே ஃபேன் போடுற மாசம். இன்னொரு சிக்கல், வேர் செத்த பிறகும் இலை பல வாரம் பச்சையாவே இருக்கும். காஞ்சது தெரியும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும்.

அப்போ ஊசியிலை மரம்னாலே வெளிநாட்டுச் சரக்கா? கொடைக்கானல் பைன் காடு கூட மனுஷன் நட்டதுதானே? இங்கேதான் வரலாறு குறுக்க வருது.

விழுப்புரம் மாவட்டத்துல திருவக்கரைன்னு ஒரு ஊர். அங்கே பெரிய பெரிய அடிமரங்கள் கல்லா மாறிக் கிடக்குது. வயசு சுமார் 2 கோடி வருஷம். 1781ல பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா அதைப் பத்தி எழுதியிருக்கார். கிளையும் வேரும் இல்லாததால, பழைய வெள்ளம் ஒண்ணு அடிச்சுட்டு வந்து போட்ட மரங்கள்னு புவியியலாளர்கள் சொல்றாங்க. புளிய மர வகைகளோட ஊசியிலை மரமும் அங்கே உண்டு. 1931ல பீர்பல் சாஹ்னி இந்தியாவின் ஊசியிலைப் புதைபடிவங்களை மறுபடி ஆராய்ஞ்சப்போ, அதைப் பைன் பக்கம் வைக்கல, பொடோகார்ப்பஸ் குடும்பத்துச் சாயல் உள்ள மரமா வகைப்படுத்தினார். இந்தக் குடும்பம் பெரும்பாலும் பூமியோட தெற்குப் பாதியில வாழ்றது. இந்தியா ஆப்பிரிக்கா, அண்டார்டிகாவோட ஒட்டியிருந்த காலத்துப் பழைய சொந்தம்.

அந்தக் குடும்பத்துல ஒரு மரம் இன்னமும் உயிரோட இருக்கு. விஸ்வநத்தத்துல இருந்து மேற்கே தெரியுதே மலைத்தொடர், அதுலயே தெற்கே போனா அகத்தியமலைப் பக்கம் மழைக்காடு. அங்கே நிக்குது நாகேயா வாலிச்சியானா. தென்னிந்தியாவுல தானா வளர்ற ஒரே ஊசியிலை இனம் இதுதான். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை நடத்தின டென்மார்க்காரர் வாலிக் பேரைச் சுமக்குது. வேடிக்கை என்னன்னா, இதுக்கு ஊசி இலையே கிடையாது! அகலமான தடிச்ச இலை, நடு நரம்பு இல்லாம இணையா ஓடுற கோடுகள். தப்பான பேர் வெச்ச வேரியபிள் மாதிரி. பூவும் கிடையாது, விதையைச் சுத்திக் கனியும் கிடையாது. அதனாலதான் பைனோட ஜாதியில சேருது. பெரிய மரங்களோட நிழல்லயே பொறுமையா வளரும், எப்பவும் பச்சை. ஈரம் மட்டும் குறையக் கூடாது.

தொட்டிக்கு ஆசைப்படுறவங்களுக்கு இதோட உறவுக்காரன் பொடோகார்ப்பஸ் இருக்கு. ஜப்பான்ல மாக்கிம்பாங்க, சீனாவுல லுவோஹான் மரம். ரெண்டு இடத்துலயும் பேர்போன போன்சாய். கடுங்குளிர் கேக்காது. மொட்டைமாடியில மதிய வெயிலுக்கு மட்டும் நிழல் வலை கட்டுங்க. மண் வறண்டு போகாமலும் தண்ணி தேங்காமலும் பார்த்துக்கங்க. வளர்ச்சி மெதுவா இருக்கும், அவசரப்பட்டு ஒரேயடியா வெட்டாதீங்க.

நர்சரியில இருந்து வாங்குங்க. காட்டுல தோண்டி எடுத்ததுன்னு யாராவது பெருமையா வித்தா வேண்டாம்னுடுங்க. அகத்தியமலையில அந்த மரம் நிக்கிறது புலிகள் காப்பகத்துக்குள்ள.