வாதம் வருமுன்



மதுரை மாவட்டத்தில், மேலூருக்கு அருகே அமைந்துள்ளது திருவாதவூர். மணிவாசகர் பிறந்த ஊர் என்று நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட அமைச்சர், அப்பொருளைக் கோயில் திருப்பணிக்குச் செலவிட்ட கதை தமிழர் அனைவரும் அறிந்தது. அவ்வூர் எனக்கு வேறொரு வகையிலும் உரியது. என் தந்தையார் பிறந்த ஊர் அது. என் பெரியப்பா இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார்.

வாதவூர் என்னும் பெயருக்கு ஊரார் பல காரணங்கள் சொல்லுவர். வாதம் என்றால் காற்று; வாயு வழிபட்ட தலம் ஆதலின் வாதவூர் ஆயிற்று என்பர் சிலர். சனி பகவானைப் பற்றியிருந்த வாதநோய் இத்தலத்தில் நீங்கிற்று என்பர் வேறு சிலர். இவை வரலாறா, புனைவா என்று ஈண்டு ஆராய வேண்டுவதில்லை. வாதநோயைப் பற்றிய அச்சம் நம் மக்கள் உள்ளத்தில் எவ்வளவு பழமையானது என்பதற்கு இக்கதைகளே சான்று. நேற்றுவரை ஏர் பிடித்த கை இன்று துவண்டு விழுகிறது. நேற்றுவரை பேசிய வாய் இன்று குழறுகிறது. கண்ணுக்குத் தெரியாத காற்று ஒன்று புகுந்து செய்த கேடு என்று முன்னோர் எண்ணியதில் வியப்பில்லை.

உண்மையில் கேடு நிகழும் இடம் மூளை. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலும், வெடித்தாலும், அப்பகுதி உணவின்றி மடிகிறது. அது கையை ஆளும் பகுதியானால் கை போகிறது. சொல்லை ஆளும் பகுதியானால் சொல் போகிறது. இதற்கு முதற்பெருங் காரணம் இரத்த அழுத்தம். அழுத்தம் மிகுந்த குழாய் ஆண்டுக்கணக்கில் தடித்தும் நலிந்தும் வருகிறது. ஆனால் அது வலிப்பதில்லை. பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. ஆகவே இப்பகையை அறிய மனிதனுக்கு இருந்த வழி ஒன்றே. அஃது அளத்தல். அளந்த அந்த எண்ணின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

குதிரைக் கதை பிறந்த ஊரைச் சொன்னேன். இரத்த அழுத்தத்தின் கதையும் ஒரு குதிரையிலிருந்தே தொடங்குகிறது. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார் ஒரு பெண் குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, இரத்தம் எட்டு அடிக்கு மேல் எழுவதைக் கண்டார். 1733இல் அதை நூலாக வெளியிட்டார். மனிதனிடம் அத்தகைய சோதனையைச் செய்ய இயலுமா? ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1896இல், இத்தாலியைச் சேர்ந்த ரிவா-ரோச்சி என்னும் மருத்துவர் ஊசியும் கத்தியும் இன்றி அளக்க வழி கண்டார். மேற்கையில் காற்றுப் பட்டையைக் கட்டி, பாதரசம் ஏறும் உயரத்தைக் கொண்டு அளந்தார். 1905இல் உருசியப் படை மருத்துவர் கொரொட்காப், பட்டைக்குக் கீழே செவிக்குழலை வைத்து ஒலி கேட்கும் முறையைத் தெரிவித்தார். மேல் எண், கீழ் எண் என்று இன்று நாம் சொல்லும் இரண்டும் அவ்வாறு கிடைத்தவையே.

எண் கிடைத்தது, எண்ணின் பொருள் விளங்கவில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச் மாதத்தில் சோதித்த மருத்துவர், அவருடைய அழுத்தம் 186/108 என்று குறித்தார். உலகின் தலைசிறந்த மருத்துவர்களை அழைக்க வல்லவர் அவர். ஆயினும் அழுத்தத்தை நன்கு குறைக்கும் மருந்து அன்று எவரிடமும் இல்லை. 1945 ஏப்ரல் 12ஆம் நாள், தம் 63ஆம் வயதில், மூளையில் இரத்தம் பெருகி அவர் மாண்டார்.

மூன்றாண்டு கழித்து, 1948இல், அமெரிக்காவின் பிரேமிங்காம் என்னும் ஊரில் 5,209 பேரை ஆண்டாண்டாகப் பின்தொடரும் ஆய்வு தொடங்கிற்று. யாருக்கு நோய் வந்தது, அதற்கு முன் அவருடைய எண் என்னவாக இருந்தது என்று பொறுமையுடன் எழுதி வைத்தனர். அழுத்தம், புகை, சர்க்கரை, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை ஆகியவை வாதத்தின் முன்னோடிகள் என்பது அப்பதிவேடுகளால் உறுதியாயிற்று. 1991இல் அவ்வாய்வாளர்கள் இவற்றை எல்லாம் கூட்டி, ஒருவருக்குப் பத்தாண்டில் வாதம் வரும் வாய்ப்பைக் கணக்கிடும் அட்டவணையை வெளியிட்டனர். கணினி செய்யும் வேலைக்கு அடிப்படை இட்டது இத்தகைய அட்டவணையே.

மருந்தின் வரலாற்றில் நம் நாட்டிற்கும் இடம் உண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகை இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை, பம்பாய் மருத்துவர் உருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளரிடம் ஆராய்ந்து, 1949இல் பிரிட்டிஷ் இதய நோய் இதழில் எழுதினார். உலகம் அதைப் படித்துத் திரும்பிப் பார்த்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 1967இல் வெளியான ஆய்வு ஐயத்தை அகற்றிற்று. மிகுந்த அழுத்தமுடைய 143 ஆடவரில் ஏறத்தாழப் பாதிப் பேர் மருந்தையும், மற்றையோர் வெறும் மாத்திரையையும் உண்டனர். வெறும் மாத்திரை உண்டவருள் 27 பேருக்குப் பெருங்கேடு நேர்ந்தது. மருந்து உண்டவருள் இருவருக்கே நேர்ந்தது. மேல் எண்ணைப் பத்து மில்லி மீட்டர் குறைத்தால், வாதம் ஏறத்தாழக் கால் பங்கு குறையும் என்று பிற்கால ஆய்வுகள் தொகுத்துக் கூறின.

ஆகவே, அளக்கும் கருவி உண்டு; பொருள் கூறும் அட்டவணை உண்டு; மலிவான மருந்தும் உண்டு. பின்னும் ஏன் வாதம் வருகிறது?

இங்கேதான் என் பெரியப்பாவை நினைத்துக்கொள்கிறேன். பெரியாற்றுக் கால்வாய் நீரில் நெல் விளைத்தவர் அவர். கோயில் மண்டபத்தில் அமர்ந்து, நரி பரியான கதையை அவர் சொன்னால் சிறுவர் நாங்கள் சோறு மறப்போம். 1996இல், ரிவா-ரோச்சியின் கருவிக்கு நூறாண்டு நிறைந்த அந்த ஆண்டில், ஊருக்கு வந்த இலவசக் கண் முகாம் ஒன்றில் அவருக்கு இரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, மருத்துவரைப் பாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவருக்கோ தலைவலிகூட இல்லை. சீட்டைப் பட்டாவோடும் குடும்ப அட்டையோடும் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்தார். 1999இல் ஒரு விடியற்காலை, வயலுக்குப் புறப்பட்டவர் வாசலிலேயே சரிந்தார். வலக்கை போயிற்று, பேச்சும் போயிற்று. அதன்பின் ஏழாண்டு வாழ்ந்தார். கதை கேட்ட எங்களைக் கண்டால் கண் கலங்குவார். எங்கள் பெயர் அவர் வாயில் வராது.

அவர் மறைந்தபின் பெட்டியைத் திறந்தோம். அந்தச் சீட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. அதில் 180/110 என்று எழுதியிருந்தது.

அளந்தவர் மேல் குற்றம் இல்லை. அவர் அளந்தார், எழுதினார், சொன்னார். பெரியப்பா மேலும் குற்றம் சொல்ல மாட்டேன். நோவு இல்லாத உடம்பை நோய் என்று நம்புவது எளிதன்று. அந்த எண்ணைத் திரும்பக் கேட்பார் இல்லை, அதுவே குறை. எந்த மருத்துவருடைய கண்ணிலும் அது இரண்டாம் முறை படவில்லை. வாதத்தைத் தடுக்கும் தொழிலில் கணினிக்கும் கைபேசிக்கும் உரிய இடம் எது என்று கேட்டால், இந்த இடைவெளிதான் என்பேன்.

இவ்விடைவெளியை நிரப்ப நடந்த முயற்சிகள் நம் அருகிலேயே உள்ளன. தமிழ்நாட்டு அரசு 2007ஆம் ஆண்டு முதல் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் இரத்த அழுத்தம் கண்டறியும் முன்னோடித் திட்டத்தை நடத்திற்று. 2012இல் அது மாநிலம் எங்கும் விரிந்தது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பெற்றது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்த பெண்கள் வீடு தேடிச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மருந்தையும் இல்லத்திற்கே கொண்டு சேர்த்தனர். நோயாளர் மருத்துவமனையைத் தேடிச் சென்ற காலம் போய், மருத்துவமனை நோயாளரைத் தேடிவந்த காலம் அது.

2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில், பஞ்சாப், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களில் ‘சிம்பிள்’ என்னும் கைபேசிச் செயலி பயன்பட்டது. அதன் இயல்பைப் பாருங்கள். நோயாளரிடம் ஓர் அட்டை இருக்கும். செவிலியர் அதைக் கைபேசியின் முன் காட்டியதும் அவருடைய பழைய எண்கள் எல்லாம் திரையில் தோன்றும். புதிய எண்ணைச் சில நொடிகளில் பதிந்துவிடலாம். குறித்த நாளில் வராதவர் பெயர்கள் தனிப் பட்டியலாக எழும்; செவிலியர் அவர்களைத் தொலைபேசியில் அழைப்பார். என் பெரியப்பாவின் சீட்டுக்கு இல்லாத குரல் இந்தப் பட்டியலுக்கு உண்டு.

ஆனால் கருவியைக் கண்டு மயங்கிவிடுதல் கூடாது. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில், 18 ஆரம்ப சுகாதார நிலையங்களைச் சார்ந்த சிற்றூர்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சுகாதாரப் பணிப்பெண்களுக்குக் கைக்கணினி தந்தனர். அது வயது, புகை, சர்க்கரை, அழுத்தம் ஆகியவற்றைக் கூட்டி ஆபத்தைக் கணித்தது. மருத்துவருக்கு மருந்து பற்றிய ஆலோசனையும் கூறிற்று. 2019இல் வெளியான முடிவு என்ன? அழுத்தம் கட்டுக்குள் வந்தவர் தொகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வாதம் கண்டு பிழைத்தவர்களுக்கு, நாட்டின் 31 மருத்துவமனைகளில், 12 மொழிகளில் குறுஞ்செய்தியும் காணொளியும் அனுப்பிய மற்றோர் ஆய்வும் இடையிலேயே நிறுத்தப்பெற்றது. அதன் முடிவு 2023இல் வெளிவந்தது. அதிலும் வேறுபாடு காணப்படவில்லை.

சீனத்தின் ஹெபெய் மாநிலத்தில் 50 சிற்றூர்களில் நடந்த ஆய்வோ வேறு விடை தந்தது. அங்கும் கைபேசிச் செயலியே கருவி. ஆனால் அதைக் கையில் ஏந்தியவர் அவ்வூர் மருத்துவர். வாதம் கண்டவரை மாதந்தோறும் அவர் பார்த்தார். நோயாளருக்கு நாள்தோறும் குரற்செய்தி சென்றது. ஓராண்டில் மேல் எண் மற்ற ஊர்களைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மில்லி மீட்டர் கூடுதலாகக் குறைந்தது. மீண்டும் வாதம் கண்டவர் தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. 2021இல் இது வெளியாயிற்று. குரலை நம்பியே நடக்கும் வானொலியில் இச்செய்தியைச் சொல்லும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டாகிறது.

இவ்வரலாறுகளை ஒப்பிட்டு நான் கொண்ட கருத்து இது: கருவி நினைவூட்டும், கணக்கிடும், மறவாது. ஆனால் நாடி பிடிக்கும் கையும், தீர்ந்த மருந்தை நிரப்பும் கிடங்கும், ‘ஏன் அம்மா வரவில்லை?’ என்று கேட்கும் குரலும் அதற்கு இல்லை. அவை உள்ள இடத்தில் கருவி மருத்துவருக்கு வலக்கை ஆகிறது. அவை இல்லாத இடத்தில் அதுவும் ஒரு தகரப் பெட்டியே. எண்ணைப் பத்திரமாக வைத்திருக்கும், அவ்வளவுதான்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் மருத்துவர் ஆவீர்கள்; சிலர் கணினிக்கு நிரல் எழுதுவீர்கள். செயலி ஒன்றை நீங்கள் ஆக்கும் நாளில், எண்ணை வாங்குவதோடு நின்றுவிடாதீர்கள். அந்த எண் யாரிடம் திரும்பிச் செல்லும், அவர் அதை வைத்து என்ன செய்வார் என்று கேளுங்கள். அந்நாள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டா. இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் தாத்தாவிடமும் பாட்டியிடமும், அவர்களுடைய இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். தெரியாது என்றால் அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். 140/90க்குக் குறையவில்லை எனின், மருத்துவர் சொல்லும் அடுத்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்நாளில் நீங்களே நினைவூட்டுங்கள்.

பழைய சீட்டு ஏதேனும் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடந்தால், அதை வெளியே எடுங்கள். எங்கள் வீட்டில் நாங்கள் காலங்கடந்து திறந்தோம். நீங்கள் காலத்தோடு திறக்கலாம்.