புலவி நுணுக்கம்

குற்றம் ஏதும் இல்லாத ஒரு சொல்லிலோ செயலிலோ மிக நுண்ணியதொரு குறையைக் கற்பித்துக்கொண்டு, அன்புடையாரிடத்தே மனம் நொந்து பிணங்குதல் புலவி நுணுக்கம் எனப்படும். இது திருக்குறளின் 132ஆம் அதிகாரத்திற்குப் பெயராய், காமத்துப்பாலின் 25 அதிகாரங்களுள் ஈற்றயலதாக நிற்கிறது. முதிர்ந்த பிணக்கைத் துனி என்றும் இளையதைப் புலவி என்றும் உரைகாரர் பிரிப்பர்.

சங்கச் செய்யுட்களின் மருதத்திணையில் தலைவி ஊடுவதற்குப் பெரும்பாலும் தலைவனது பரத்தையர் சேர்க்கையே காரணமாயிருக்க, வரைவின் மகளிரைத் தனி அதிகாரம் வகுத்துக் கடிந்த வள்ளுவரோ, அத்தகைய பாத்திரத்தையே புகுத்தாமல், பிரியத்தின் மிகுதியொன்றையே காரணமாக்கி ஊடலை நடத்திக்காட்டியது அகப்பொருள் மரபில் அவர் செய்த அபூர்வமான மாற்றமாகும். தலைவன் வீதியிற் செல்லுங்கால் பெண்கள் யாவரும் அவன் மார்பைக் கண்ணால் உண்கின்றனர் என்பதே இங்குத் தலைவி காணும் முதற்குற்றம்.

ஒருவரைப் பிறர் நினைத்தால் அவருக்குத் தும்மல் எழும் என்பது அக்கால நம்பிக்கை. இன்று நம் வீடுகளில் அது விக்கலுக்கும் புரையேறுதலுக்கும் உரியதாயிற்று. தலைவன் தும்ம, வழக்கப்படி வாழ்த்திய தலைவி, மறுகணமே யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். அதற்கஞ்சி அடுத்த தும்மலை அவன் அடக்கிக்கொண்டால், உமக்கு வேண்டியவர் நினைப்பதை எமக்கு மறைக்கின்றீரோ என்று அதற்கும் அழுகிறாள். யாரைக்காட்டிலும் நாம் காதல் மிக்கவர் என்றால் அந்த 'யார்' எவர் என்பாள். இப்பிறவியில் பிரியோம் என்றால் மறுபிறவியில் பிரிவு உண்டென்று கண் நிறைய நீர் கொள்வாள். நினைத்தேன் என்றாலோ, இடையில் மறந்ததனாலன்றோ நினைக்க நேர்ந்தது என்று, தழுவ வந்தவள் விலகிவிடுவாள். பிறர்க்குப் பங்கின்றி, காலத்திலும் இடைவெளியின்றித் தன் நாயகனை முழுமையாகக் கொள்ள விழையும் நெஞ்சுக்கு எந்த வாக்கியமும் போதுமானதாக இராது என்னும் மனத்தத்துவத்தை இதனினும் சூக்ஷ்மமாகக் காட்டிய பகுதி நம் இலக்கியத்தில் அரிது.

வடமொழி அலங்கார சாஸ்திரிகள் இத்தகைய பிணக்கை மானம் என்றழைத்து, ஈர்ஷையால் (பொறாமையால்) வருவது, பிரணயத்தால் (அன்பால்) வருவது என இரண்டாக வகுப்பர். காரணமின்றியும் தோன்றவல்ல பின்னதற்கே இவ்வதிகாரம் நெருங்கியது. இதன் பத்துக் குறள்களுள் முதலிரண்டு ஒழிய ஏனைய எட்டும், கோபத்திற்கு இலக்கான தலைவனே தோழிக்குச் சொல்லுவனவாகப் பரிமேலழகர் உரை கொள்ளுகிறது. அவற்றுள் எதிலும் அவன் அவளைக் குறைகூறவில்லை.