காய்ச்சலில் தொடங்கிய கோடியக்கரைக் கதை

கோடியக்கரை என்றதும் நம்மில் பலருக்குப் படகு வலித்துக்கொண்டு பூங்குழலிதான் வருவாள். கல்கியின் நாவல் செய்த புண்ணியம். அந்தக் கடலோரம் பறவைகளின் ஊராகப் பெயர் வாங்கிய கதையோ ஒரு காய்ச்சலில் தொடங்குகிறது.

1957இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டுப் பக்கம் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் கண்டது. உண்ணி மூலம் பரவும் வைரஸ் அது. ரஷ்யாவில் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். சைபீரியா எங்கே, சிமோகா எங்கே? ஆண்டுதோறும் வடக்கிலிருந்து வந்துபோகிறவை வலசைப் பறவைகள். உண்ணி அவற்றின் உடலில் ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ? சந்தேகத்தைத் தீர்க்க உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. வேலை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு, அதாவது பறவையியலாளர் சாலிம் அலிக்கு, வந்து சேர்ந்தது. பறவைதான் குற்றவாளி என்று கடைசிவரை நிரூபணமாகவில்லை. ஆனால் பறவையைப் பிடித்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிடும் வேலை இந்தியாவில் பெரிய அளவில் நடந்தது அந்தப் பணத்தில்தான்.

சாலிம் அலிக்குத் தென்னாடு புதிதல்ல. திருவாங்கூர்ப் பறவைகளைத் திருவனந்தபுரம் அருங்காட்சியகத்து ஃபெர்குசனும் வனத்துறையின் போர்டிலானும் 1900களின் தொடக்கத்திலேயே தொகுத்து எழுதியிருந்தார்கள். 1933இல் திருவாங்கூரிலும் கொச்சியிலும் சாலிம் அலி காடு காடாக அலைந்து அந்தக் கணக்கைப் புதுப்பித்தார். அப்போது அவர் வியந்த தட்டேக்காடு சரணாலயமாக ஐம்பது ஆண்டு ஆனது. கோடியக்கரை அவ்வளவு காக்கவைக்கவில்லை. 1962இல் அதன் அருமையை அவர் எடுத்துச் சொன்னார். 1967 ஜூனில் அது சரணாலயம் ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. அன்று போட்ட எல்லை முதன்மையாக வெளிமானுக்காக. சுமார் 17 சதுர கிலோமீட்டர் புல்வெளியும் வறண்ட பசுமைமாறாக் காடும் அதற்குள் வந்தன. பறவைகளுக்குச் சோறு போடும் பெரும் உப்புச் சதுப்போ மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுவரை வெளியே கிடந்தது.

அந்தச் சதுப்பின் கணக்கு எளிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் நிரம்பும். தை பிறந்தபின் மெல்ல வற்றும். வற்ற வற்றச் சேறு வெளிப்படும். சேற்றுக்குள் புழுவும் பூச்சியும் நெருக்கியடிக்கும். பூநாரை தலைகீழாக அலகை வைத்து நீரை வடிகட்டும். கொசு உள்ளான் தையல் இயந்திரத்து ஊசிபோலக் குத்திக்கொண்டே ஓடும். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பறவை இருபது, இருபத்தைந்து கிராம்தான் இருக்கும். கோடையில் ஆர்க்டிக் பனிவெளிக்குப் போய் முட்டையிடும். எல்லாமே விருந்தாளிகள் அல்ல. நெடுங்கால் உள்ளானும் உப்புக்கொத்தியும் இங்கேயே வெறுந்தரையில் முட்டையிடும். மண்நிறத்தில் புள்ளி போட்ட முட்டை. கால் வைக்குமுன் கண்ணில் படாது.

வளையமிடும் வேலை இங்கும் நடந்தது. அதற்காக இந்தப் பறவைகளை இறகு கசங்காமல் பிடிப்பது படித்தவர்களுக்குக் கைவந்த வித்தை அல்ல. பிகாரிலிருந்து மிர்ஷிகார் சமூகத்தாரை அழைத்துவந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்றவர்கள். இங்கே பிடித்துக்கொடுத்ததெல்லாம் மறுபடி வானத்துக்கே போனது. காலில் ஏறிய அலுமினிய வளையத்தில் ஓர் எண்ணும், பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருந்தன. கழகத்தின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இங்கேயே தங்கி வேலை செய்தார்கள். சதுப்பு இல்லாமல் சரணாலயம் இல்லை என்பதற்கு அவர்களுடைய ஏடுகளே சாட்சி.

2002 ஆகஸ்டில் சரணாலயத்தோடு சதுப்பும் அலையாத்திக் காடும் சேர்ந்து 38,500 ஹெக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறின. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலம் இதுதான். என்னைக் கேட்டால் கோடியக்கரை பறவைகளுக்காகப் பிறந்தது அன்றுதான், 1967 மானுக்கு. பட்டம் வந்தபின்னும் உப்பளங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. நன்னீர் வரத்து குறைந்து, வரும் பறவைகளும் குறைந்துவிட்டன என்று பல காலம் எண்ணிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

வளையமிட்ட பறவை கோடியக்கரையில் மட்டும்தான் இருக்கும் என்பதில்லை. திருவனந்தபுரத்து வேளியிலோ பூந்துறை மணலிலோ கண்ணில் பட்டால், உயிரோடிருந்தால் படமெடுத்தும் இறந்து கிடந்தால் எண்ணைப் படித்தும், இடத்தையும் தேதியையும் சேர்த்து பம்பாய்க் கழகத்துக்கு எழுதுங்கள்.