பொய்யுரைக்காத மணி

‘அலாரம்’ என்னும் சொல் இன்று நம் வீடுகளில் இயல்பாக வழங்குகிறது. இதன் பிறப்பை ஆராய்ந்தால், ‘ஆயுதம் ஏந்துங்கள்’ என்று வீரர்களைக் கூவியழைக்கும் இத்தாலியத் தொடரிலிருந்து இது தோன்றியது என்பது புலனாகும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஓர் உண்மை தென்படுகிறது. அலாரம் என்பது வெறும் ஓசையன்று. அஃது ஓர் அழைப்பு. அழைப்பவன் சொல்லில் நம்பிக்கை இருந்தால்தான் அழைக்கப்பட்டவன் எழுந்து வருவான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டார் திருட்டை அறிவிக்கும் மணியொன்றைப் பொருத்தினர். முதல் நாள் நள்ளிரவில் அது ஒலித்தபோது, அண்டை வீட்டார் அனைவரும் தடியும் கைவிளக்குமாக ஓடினோம். சரியாகத் தாழிடாத சன்னல் ஒன்று காற்றில் அசைந்ததே காரணம் என்று தெரிந்தது. இரண்டாம் முறை நால்வர் சென்றோம். மூன்றாம் முறை ஒருவர் சென்றார். நான்காம் முறை ஒருவரும் எழவில்லை. “அந்த வீட்டு மணிதானே!” என்று புரண்டு படுத்துக்கொண்டோம். அன்றிரவு மெய்யாகவே கள்வன் வந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

இக்கேள்வி புதியதன்று. கி.மு. 390ஆம் ஆண்டளவில் கால் இனத்தவர் உரோமாபுரியின் காப்பிட்டோல் குன்றின்மேல் இரவில் ஓசையின்றி ஏறியபோது, காவல் நாய்கள் குரைக்கவில்லை என்றும், யூனோ தேவிக்குரிய பெருவாத்துகளே கத்தி வீரர்களை எழுப்பின என்றும் உரோம வரலாற்றாசிரியர் உரைப்பர். உரியபோது ஒலிக்காத காவலின் குறை இக்கதையில் விளங்குகிறது. மறுபக்கத்தைச் சொன்னவர் சிசரோ. கி.மு. 80இல், தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவருக்காக வழக்காடியபோது அவர் இந்நாய்களை எடுத்துக்காட்டினார். நாய்களால் கள்வரைப் பிரித்தறிய இயலாது. ஆதலின் இரவில் வருவோரைக் கண்டு அவை குரைப்பது முறையே. ஆயின், பகலில் வழிபட வருவோரைக் கண்டு குரைக்குமானால் அவற்றின் கால்கள் முறிக்கப்படும் என்றார். ஐயத்திற்கு இடமில்லாதபோது எழுப்பும் கூக்குரலும் குற்றமே என்பது அவர் கருத்து.

மின்சாரம் இக்காவலுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த சாமர்வில் என்னும் ஊரைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப், 1853இல் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவோ சன்னலோ திறந்தால் மின்சுற்று இணையும். மின்காந்தம் சுத்தியலை அசைக்க, மணி ஒலிக்கும். இவ்வுரிமையை விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ் இதனை ஒரு வணிகமாக வளர்த்தார். 1877இல் அவருடைய பாஸ்டன் நிலையத்தின் கம்பிகள் பகலில் தொலைபேசிக்கும் இரவில் காவலுக்கும் பயன்பட்டன. மணியோசை வீட்டோடு நில்லாமல், தொலைவிலுள்ள ஒரு நிலையத்தில் விழித்திருக்கும் மனிதரின் செவியை எட்டியது.

ஆயினும் திறந்த சுற்றில் ஒரு குறை இருந்தது. கள்வன் கம்பியை அறுத்துவிட்டால் மணி ஊமையாகிவிடும். ஆகவே, மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டேயிருக்கும் மூடிய சுற்று கையாளப்பட்டது. அதில் கம்பி அறுந்தாலே மணி ஒலிக்கும். ஊமைத்தனம் நீங்கியது, ஆனால் தளர்ந்த இணைப்பும் துருவேறிய கம்பியும்கூட மணியை ஒலிக்கச் செய்தன. ஒரு நோய்க்கு அளித்த மருந்தே மற்றொரு நோயை விளைவித்தது எனலாம்.

இந்நிலையில் வேறொரு வழியைக் காட்டியவர் நியூயார்க்கைச் சேர்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரௌன். அவரும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற கருவியில், கதவின் துளைகள் வழியே ஒரு காமிரா வெளியே நிற்பவரைக் காட்டும். உள்ளிருந்தபடியே அவருடன் பேசலாம். தீங்கு என்று கண்டால் பொத்தானை அழுத்தி உதவி கோரலாம். இங்கே, முதலில் பார்த்தல், பின்னர் அழைத்தல் என்னும் ஒழுங்கு அமைந்திருப்பதைக் காண்க. பொறி காட்டுகிறது, மனிதர் தீர்மானிக்கிறார்.

பின்னர் வந்த கருவிகள் பல இவ்வொழுங்கை மறந்தன. உடலின் வெப்பத்தை உணரும் கருவிக்குக் கள்வனும் வீட்டு நாயும் ஒன்றே. விளைவு என்ன? 2002இல் அமெரிக்கக் காவல் துறையினர் ஏறத்தாழ 3 கோடியே 60 இலட்சம் மணியழைப்புகளுக்குச் சென்றனர் என்றும், இத்தகைய அழைப்புகளில் நூற்றுக்கு 94 முதல் 98 வரை பொய்யானவை என்றும் மதிப்பிடப்பட்டது. சால்ட் லேக் நகரம் 2000ஆம் ஆண்டின் இறுதியில் துணிந்து ஒரு விதி செய்தது. தனியார் காவலரோ நேரில் கண்ட ஒருவரோ உறுதி செய்த பின்னரே திருட்டு மணிக்குக் காவலர் வருவர் என்பதே அது. காவல் துறைக்கு வந்த மணியழைப்புகள் பத்தில் ஒன்றாகக் குறைந்தன.

பொய்யொலிக்குக் காரணம் பெரும்பாலும் கள்வனும் அல்லன், கருவியும் அன்று; வீட்டாரின் கவனக்குறைவும் பொருத்தியவரின் அவசரமுமே. மறைகுறி எண்ணை மறந்துவிடுதல், கதவைச் சரிவரத் தாழிடாமல் கருவியை முடுக்கிவிடுதல், அசையும் திரைச்சீலைக்கும் வெயில் படும் சன்னலுக்கும் எதிரே உணர்கருவியை வைத்தல், மின்கலம் தளர்ந்தும் மாற்றாதிருத்தல், கருவியின் கண்ணில் சிலந்தி வலை பின்ன விடுதல் ஆகியவை அன்றாடக் காரணங்கள். வெப்பம், நுண்ணலை ஆகிய இரண்டும் ஒருங்கே உணர்த்தினாலன்றி ஒலிக்காத கருவி உண்டு. மணி ஒலித்ததும் இருவேறு தொலைபேசி எண்களில் வீட்டாரைக் கேட்டறிந்த பின்னரே காவலரை அழைக்கும் முறையும் உண்டு. வீட்டிலுள்ள முதியவரும் சிறுவரும் பணியாளரும் கருவியை இயக்கவும் நிறுத்தவும் பழகியிருத்தல் இவை எல்லாவற்றினும் முதன்மையானது.

பொய்யொலிக்கு அஞ்சி மணியையே அணைத்து வைப்பது தீர்வாகாது. அது குரைக்காத நாயை வளர்ப்பதற்கு ஒப்பாகும். எங்கள் அண்டை வீட்டார் இறுதியில் செய்தது மிக எளிய செயல். சன்னலுக்குப் புதிய தாழ் இட்டனர். அதன்பின் வீடு வீடாக வந்து, “இனி மணி ஒலித்தால் வாருங்கள்” என்று கேட்டுக்கொண்டனர். தாழ் மணியைத் திருத்தியது. அந்தச் சொல் எங்களைத் திருத்தியது. இன்று அம்மணி ஒலித்தால் நாங்கள் எழுவோம்.