பெல்ஃபாஸ்டின் ‘ஃபார் டு’
‘ஐ வாண்ட் ஹர் ஃபார் டு வின்’ என்பது பெல்ஃபாஸ்ட் நகரத்தார் பலரது இயல்பான பேச்சு. பள்ளி ஆங்கிலத்திலோ பிழை. ஆயினும் ‘ஃபார் டு’ என்னும் இணைப்பு 14ஆம் நூற்றாண்டில் சாசர் தம் ‘காண்டர்பரி கதை’களில் எழுதியதே. பின்னாளில் பொது ஆங்கிலம் அதனைக் கைவிட்டது; ‘ஃபார் ஹர் டு வின்’ என எச்சத்தொடரின் எழுவாய்க்கு முன் மட்டும் ‘ஃபார்’ எஞ்சியது. பெல்ஃபாஸ்டிலோ எழுவாயே முந்தி நிற்கிறது.

இவ்வழக்கிலும் விதியுண்டு என்பதை அலிசன் ஹென்றி தம் 1995ஆம் ஆண்டு நூலில் விளக்கினார்: சிலர் நோக்கத்தைக் குறிக்கும் எச்சத்தொடர்களில் மட்டுமே ‘ஃபார் டு’வை ஏற்பர், வேறு சிலர் பிற எச்சத்தொடர்களிலும் ஏற்பர். ஒழுங்கற்ற பேச்சில் இத்தகைய வரையறை அமையாது. வகுப்பறையில் திருத்தப்படும் பெல்ஃபாஸ்ட் குழந்தை தன் ஊரின் இலக்கணத்தைச் சரியாகவே கற்றிருக்கிறது.