ஜெரார் ஊலியே

ஜெரார் ஊலியே (செப்டம்பர் 3, 1947 - டிசம்பர் 14, 2020) பிரான்சைச் சேர்ந்த காற்பந்துப் பயிற்றுநர் ஆவார். முன்னர் ஆங்கில ஆசிரியராக இருந்த இவர், 1998 முதல் 2004 வரை இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தில் பணியாற்றினார். வீரர்களின் உணவிலும் மதுப் பழக்கத்திலும் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 2000-01 பருவத்தில் இக்கழகம் லீக் கோப்பை, எஃப்ஏ கோப்பை, யூஈஎஃப்ஏ கோப்பை ஆகிய மூன்றையும் வென்றது.

நோயும் மீள்வரவும்

அக்டோபர் 13, 2001 அன்று ஆன்ஃபீல்டு அரங்கில் லீட்சு யுனைட்டெட் அணியுடனான ஆட்டத்தின் இடைவேளையில் இவருக்கு நெஞ்சுவலி ஏற்பட்டது. இதயத்திலிருந்து குருதியை எடுத்துச் செல்லும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தது. உடனே அறுவை செய்யாவிடில் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் நோய் இது. உயர் குருதியழுத்தம் இதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. எனினும் பணிச்சுமையே இவரை வீழ்த்தியது என்று உறுதியாகக் கூற இயலாது. அறுவை சுமார் 11 மணிநேரம் நீடித்தது.

துணைப் பயிற்றுநர் பில் தாம்சன் ஐந்து மாதங்கள் அணியை நடத்தினார். பயிற்றுநர் ஒருவரையே முற்றிலும் சார்ந்த அணியாயின் அது சிதறியிருக்கும்; லிவர்பூலோ அப்பருவத்தில் பிரீமியர் லீக்கில் இரண்டாம் இடம் பெற்றது. மார்ச் 19, 2002 அன்று ரோமா அணியை 2-0 என வென்ற ஆட்டத்தில் ஊலியே திரும்பினார். அவர் மிக விரைவில் திரும்பிவிட்டார் என்ற கருத்தும் உண்டு.

பிற்காலம்

பின்னர் லியோன் கழகத்துடன் 2006, 2007 ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சு லீக் பட்டம் வென்றார். 2010 இல் ஆசுட்டன் வில்லாவில் பொறுப்பேற்றார். ஏப்ரல் 2011 இல் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சூனில் அப்பொறுப்பிலிருந்து விலகினார். அதன்பின் எந்த அணிக்கும் பயிற்றுநராகவில்லை. ஆலோசனை, மேலாண்மைப் பணிகளிலேயே ஈடுபட்டார்.